மக்கள் சுகாதார இயக்கம் என்றால் என்ன? ஒரு நோட்டிலிருந்து தொடங்கலாம்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ‘24 மணி நேர சேவை’ என்று நீல நிறத்தில் பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் சில வருடங்களுக்கு முன்பு வரை ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே போனால் முன்கதவு பூட்டிக் கிடக்கும். இல்லையென்றால் “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று உள்ளிருந்து குரல் வரும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தாலுகா தலைநகரம். ராத்திரியில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் வாடகை.

ஒரு ஐப்பசி மழையில், பிரசவ வலி எடுத்த பெண் ஒருத்தி அப்படித் திருப்பி அனுப்பப்பட்டாள். போகிற வழியில் ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் இதே பேச்சுதான். “எங்க மாமனாருக்கு மூச்சுத் திணறுனப்பவும் இப்படித்தான்”, “என் புள்ளைக்குக் காய்ச்சல் கொதிச்சப்பவும் இதே கதைதான்” என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதுவரை அவரவர் வீட்டுக்குள் கிடந்த கஷ்டம் முதல்முறையாக ஒரே இடத்தில் வந்து விழுந்தது.

சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் அந்த வரிசையில் நின்றிருந்தார். குழுவின் பழைய கணக்கு நோட்டில் எழுதாமல் மிச்சம் கிடந்த பக்கங்களில் அன்று சாயங்காலமே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, நேரம், என்ன தொந்தரவு, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், அப்புறம் எங்கே போனார்கள், செலவு எவ்வளவு. பெயர் எழுத மட்டும் கட்டம் போடவில்லை. “பேரு எதுக்கு? நாளைக்கு யாராச்சும் வந்து அவங்களை மிரட்டுறதுக்கா?” என்றார்.

மக்கள் சுகாதார இயக்கம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், அந்த நோட்டைத்தான் முதலில் சொல்வேன். இயக்கம் என்றதும் கொடி, மைக், சாலை மறியல் என்றெல்லாம் கண்முன் வரும். அவையெல்லாம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். தனித்தனி வீட்டு வேதனை ஒரு பொதுக் கணக்கில் ஏறி, பதில் சொல்ல வேண்டிய ஆளின் முன்னால் போய் நிற்பதுதான் இதன் உயிர்.

இதை விழிப்புணர்வு முகாமோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டெங்கு வந்தால் “தண்ணீர் தேங்க விடாதீர்கள்” என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி வரும். அது மேலிருந்து கீழே வரும் செய்தி. நீ மாற வேண்டும் என்று அரசு மக்களிடம் சொல்வது. அதுவும் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. மக்கள் இயக்கம் போகும் திசை வேறு. “சாக்கடையை அள்ளி மூன்று மாதமாகிறது, எப்போது அள்ளுவீர்கள்?” என்று கீழிருந்து மேலே போகும் கேள்வி அது. சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் 1978-இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனம், தங்கள் மருத்துவ வசதியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கெடுப்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்றது. ஆகவே கேள்வி கேட்பவரைக் கலகக்காரராகப் பார்க்க வேண்டியதில்லை. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட ஒரு கடமையைத்தான் அவர் செய்கிறார்.

நோட்டுக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் 20-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. சேரச் சேர ஊரில் கோபமும் ஏறியது. யார் மேல்? ராத்திரி டியூட்டி நர்ஸம்மா மேல்தான். கண்ணுக்குத் தெரிகிற ஆள் அவர் ஒருவர்தானே. அவரை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது ஊரில் ஒரு கல்லூரி மாணவர், “அங்கே எத்தனை நர்ஸ் இருக்கணும், எத்தனை பேர் இருக்காங்கன்னு கேட்டுப் பார்த்துட்டு எழுதலாமே” என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்க மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை. பதில் வந்தது. அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் மூன்று. இரண்டு காலி. அதாவது அந்த நர்ஸம்மா பகலும் இரவுமாக மாதக்கணக்கில் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பதிலை வாசித்தபோது அக்கா வீட்டுத் திண்ணையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பாட்டி மட்டும், “பாவம், அந்தப் புள்ளை எப்பதான் தூங்குச்சு?” என்றார். “நர்ஸை மாற்று” என்ற கோரிக்கை அன்றோடு செத்தது. “காலியாக இருக்கும் இரண்டு பணியிடங்களை நிரப்பு” என்ற கோரிக்கை பிறந்தது. அந்த நர்ஸம்மாவே பிறகு எங்களுக்குப் பெரிய துணையானார்.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணக்கெடுப்பது எதிராளியை மடக்குவதற்கு மட்டுமல்ல. நம் கோபம் சரியான முகவரிக்குத்தான் போகிறதா என்று நமக்கே காட்டுவதற்கும்தான். பெரும்பாலான ஊர்களில் சண்டை கவுன்ட்டரோடு நின்றுவிடுகிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் அதே பற்றாக்குறையில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். முடிவெடுக்கிறவரோ மாவட்டத் தலைநகரில் நிம்மதியாக இருப்பார்.

எண்ணுவதற்கு அடுத்தது படிப்பது. இதற்கு நான் அறிந்தவரை தென்னாப்பிரிக்காவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, கேப் டவுனில் ஜாக்கி அக்மத்தும் ஒரு சிறு குழுவும் சேர்ந்து ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து அப்போதே வந்துவிட்டது. மேலை நாடுகளில் அதைச் சாப்பிட்டு ஆட்கள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு வருட மருந்து 10,000 டாலருக்கு மேல். தகரக் கொட்டகையில் குடியிருப்பவர் அதற்கு எங்கே போவார்?

அந்த மாதமே டர்பன் அருகே குகு டிலாமினி என்ற பெண், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியில் சொன்னதற்காகத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இயக்கத்தார் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று நெஞ்சில் பெரிதாக அச்சடித்த வெள்ளைச் சட்டை. நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். யாருக்கு நோய் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னாளில் நெல்சன் மண்டேலாவே அந்தச் சட்டையை அணிந்து நின்றார்.

சட்டை வெளியில் தெரிந்தது. உள்ளே நடந்த வேலை வேறு. வைரஸ் உடம்பில் என்ன செய்கிறது, சி.டி.4 எண்ணிக்கை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் கணக்கு) என்றால் என்ன, எந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு, காப்புரிமை (ஒரு மருந்தைக் குறிப்பிட்ட காலம் ஒரு நிறுவனம் மட்டுமே தயாரித்து விற்கும் உரிமை) என்ற சொல்லுக்கும் மாத்திரை விலைக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் குடியிருப்புகளில் அவரவர் தாய்மொழியில் வகுப்பு எடுத்தார்கள். சிகிச்சை அறிவு என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள், மருத்துவரிடம் தங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி நேருக்கு நேர் விவாதித்தார்கள். பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்க்கப்பட்டவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் விவரம் தெரிந்தவர்களாக உட்கார்ந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அவர்கள் கேட்டதையும் கவனியுங்கள். எய்ட்ஸை ஒழி என்று பொதுவாக முழங்கவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைக் குறைக்க நெவிரபின் என்ற மருந்து இருந்தது. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து, அவ்வளவுதான். தயாரித்த நிறுவனமே ஐந்து வருடத்துக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகப்பட்ட அதிபர் தாபோ உம்பெக்கியின் அரசு, சோதனைக்கென்று ஒதுக்கிய சில இடங்களில் மட்டும் அதைக் கொடுத்தது. ‘மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கொடு’ என்பதுதான் கோரிக்கை. ஒரு மருந்து, ஒரு தடை, அதை நீக்க வேண்டிய ஓர் அமைச்சகம். 2002 ஜூலை 5-இல் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் தடையை நீக்க உத்தரவிட்டது.

விலைப் போரும் கூடவே நடந்தது. மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்து அரசின்மீது 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டிருந்தன. அந்த வழக்கில் இயக்கம் அரசின் பக்கம் நின்றது. ஒரே காலத்தில் ஒரு விஷயத்தில் அரசை எதிர்த்தும் இன்னொன்றில் ஆதரித்தும் நிற்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நம் நாட்டு சிப்லா நிறுவனம், ஒரு வருடக் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1-இல் அரசு இலவசமாக இந்த மருந்தைத் தரத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

களம் எப்போதும் தெருவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரை ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் விற்றது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. கிளிவெக்கைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமை கிடைத்திருந்தால் அந்த மலிவு மருந்து நின்றுபோகும் ஆபத்து இருந்தது. புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்று, சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்தது. 2006-இல் அந்த அலுவலகம் காப்புரிமையை மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஊர்வலம் போகத் தெம்பில்லாத நோயாளிகளின் சார்பில், காகிதத்திலேயே நடந்த போராட்டம் அது.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். இவை எதுவும் சீக்கிரம் முடிவதில்லை.

கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்ந்து கொடைக்கானல் மலைமேல் வந்து உட்கார்ந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் பார்க்க அழகான பொருள், தரையில் கொட்டினால் வெள்ளி மணியாக ஓடும். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூச்சு வழியாகப் போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி பாதரசத்தோடு டன் கணக்கில், ஜனங்கள் நெருக்கமாக வாழும் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளியில் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு மறுபடியும் கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. ஒரு மலையூர் தன் குப்பையை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியது சாதாரண விஷயமில்லை.

கழிவு போய்விட்டது. உடம்புக்குள் போனதை என்ன செய்வது? முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, யார் யார் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்கள், யாருக்கு என்ன நோய், யார் யார் இறந்தார்கள் என்று தாங்களே பட்டியல் போட்டார்கள். தங்கள் தொழிற்சாலையால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனம் சொல்லிவந்த நிலை. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2015-இல் ஒரு சென்னைப் பெண் பாடிய ராப் காணொளியை உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

காணொளியால்தான் வென்றது என்று பலர் சொல்வார்கள். பாட்டு பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் 14 வருடப் பட்டியலும் சாட்சியமும் இருந்தன. அவை இல்லாமல் பாட்டு மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் கதை அத்தோடு முடியவில்லை. மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற தகராறு தனியாக ஓடியது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை மிச்சம் இருக்கலாம் என்பது அதிகாரிகள் ஏற்ற அளவு. சோலைக்காட்டின் விளிம்பில், கீழே ஆறாக ஓடப்போகும் தண்ணீரின் தலைமாட்டில் அது ரொம்ப அதிகம் என்பது மக்கள் வாதம்.

கேரளத்தின் காசர்கோட்டிலும் இதே பொறுமைதான். முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். கிராமத்தில் வைத்தியம் பார்த்த மருத்துவர் மோகன் குமார், தன்னிடம் வருகிறவர்களிடம் காணும் நோய்களில் ஏதோ மாறுபாடு இருக்கிறதே என்று குறித்துவைக்கத் தொடங்கினார். வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998-இல் தெளிப்பதை நிறுத்தச் சொல்லி உள்ளூர் நீதிமன்றத்தில் தனியாளாக வழக்குப் போட்டார். நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்றத் தடை 2011 மே மாதம்தான் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017 ஜனவரியில் உத்தரவு வந்தது. ஐந்து வருடம் கழித்தும் அந்தப் பணம் பெரும்பாலானோர் கைக்குப் போகவில்லை என்று நீதிமன்றமே அரசைக் கண்டிக்க வேண்டியிருந்தது. தாமதத்தின் விலை என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு கணக்கே உண்டு. மருந்து தர அரசு தயங்கியதால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் மதிப்பிட்டார்கள்.

சரி, உங்கள் ஊரில் தொடங்க வேண்டுமானால்? தமிழ்நாட்டில் கைக்கெட்டும் இடங்கள் பல உண்டு. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது. சொன்னது தீர்மானமாகப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் முதல் முறை ஏறவில்லை. இரண்டாவது முறை ஐந்து பெண்கள் எழுத்தர் பக்கத்திலேயே நின்று எழுத வைத்தார்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரம்தான்.

மனுவில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். மருத்துவமனையை மேம்படுத்துக என்று எழுதினால் பரிசீலிக்கப்படும் என்று பதில் வரும், அதோடு முடிந்தது. இன்ன பணியிடம் இன்ன தேதியிலிருந்து காலி, எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்டால் மழுப்ப முடியாது.

நோயாளியின் பெயரையும் நோயையும் அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள். காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு என்றால் இது பல மடங்கு முக்கியம். நல்லது செய்யப்போய் ஒரு குடும்பத்தை ஊர் வாயில் தள்ளிவிடக் கூடாது. மக்கள் பெயரில் வேறு யாரோ நடத்தும் இயக்கங்களும் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது, பாதிக்கப்பட்டவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்துவார்களா என்று விசாரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் முதல் செவிலியர் வந்து சேர ஏழு மாதம் ஆனது. இரண்டாமவர் வர இன்னும் ஆறு மாதம். இப்போது ராத்திரி அந்தக் கட்டடத்தில் விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் ஆள் வருகிறார். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய நோட்டு முடிந்துவிட்டது. புதிதாக 80 பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். கட்டங்கள் மாறியிருந்தன: தேதி, என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு எழுதினார்கள், எத்தனை நாளைக்குக் கொடுத்தார்கள். முதல் வரியில் பிரஷர் மாத்திரை, 30, 10 என்று இருந்தது. அதற்குக் கீழே ஐந்து வரிகள் நிரம்பியிருந்தன.